டாஸ்மேனியாவில் மோட்டார்ஹோம்: வாசகர் கேள்விகள்

கிருஷ்ணகிரி வாசகர்: பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. அப்போது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்குப் போகலாமா?

போகலாம், போர்வையோடு. அங்கே மே மாதம் குளிர் தொடங்கிவிடும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும். அரையாண்டு லீவுதான் சரி. டிசம்பரில் அங்கே கோடை, இரவு எட்டரை வரை வெளிச்சம். மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, சமையலறை உள்ள வாடகை வண்டியை, பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பர்கூர்: உறவினர் வீட்டுக்கு நம் ஊர் மாம்பழம் கொண்டு போகலாமா?

கூடாது. மாவு, மசாலா, ஊறுகாய் எதுவானாலும் விமான நிலையத்திலேயே எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

ஓசூர்: கார் லைசென்ஸ் போதுமா?

நாலரை டன் வரை போதும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

பென்னாகரம்: பகலில் பூங்காக்கள், இரவில் பயணம் என்று வைத்தால் ஹோட்டல் செலவு மிச்சம். ஒரு வாரத்தில் தீவை முடித்துவிடலாம் அல்லவா?

நீங்கள் ஓட்டப்போகும் வண்டியே ஹோட்டல்தான் சார். கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அங்குள்ள விலங்குகளில் பெரும்பாலானவை இரவில்தான் வெளியே வரும். காலை ஏழு மணிக்கு ரோட்டைப் பார்த்தால் இரவு என்ன நடந்தது என்று தெரியும். முதல் பயணத்தில் ஒரு பேடிமெலன் உடலருகே நிறுத்தினேன். நம் முயலைவிடச் சற்றுப் பெரிய, குட்டிக் கங்காரு மாதிரியான பிராணி. செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வயிற்றுப்பைக்குள் ஏதோ அசைந்தது: சுண்டுவிரல் நீளம், ரோமமில்லை, கண் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். இன்னொன்று, இந்த உடல்களைத் தின்ன டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணி ரோட்டுக்கு வரும், அதுவும் அடிபடும். 1996-இல் முதலில் கண்டறியப்பட்ட முகப்புற்று ஏற்கெனவே அந்த இனத்தில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. மிச்சத்தை நாம் டயரில் தீர்க்க வேண்டாம்.

அஞ்செட்டி ரோட்டில் இரவில் நாம் மெதுவாகப் போகிறோம், ஏன்? யானை நம்மை மிதித்துவிடும் என்ற பயம். பேடிமெலன் மிதிக்காது, அதனால் மிதி ஆக்சிலேட்டரை! மூன்றரை டன் வண்டி சடன் பிரேக்குக்கு நிற்காது. இரவில் விலங்கு மீது மோதினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் 65 கி.மீ.யைத் தாண்டாதீர்கள். வெயில் சாயும் முன் வண்டியை நிறுத்துங்கள். அப்புறம், தீவு தமிழ்நாட்டில் பாதி. இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

தேன்கனிக்கோட்டை: கிரேடில் மலையில் டவ் ஏரி வரை வண்டி போகுமா? நுழைவுக் கட்டணம்?

மோட்டார்ஹோமுக்கு அனுமதியில்லை. பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ் ஏறுங்கள். வழியில் ரோனி கிரீக்கில் இறங்கினால் மாலையில் வாம்பேட் என்ற குட்டைக்கால் பிராணி மேயும். பலகை நடைபாதையில் பகடைக்காய் போலச் சதுரம் சதுரமாகக் கிடப்பது அதன் சாணம். எல்லாப் பூங்காவுக்கும் சேர்த்து வண்டிக்கு ஒரு பாஸ், எட்டுப் பேர், இரண்டு மாதம், சுமார் நூறு ஆஸ்திரேலிய டாலர். மாலைக் காட்சி முடிந்ததும் முகாமுக்குப் போங்கள், ஊர் தாண்டாதீர்கள். முன்பே சொன்னதுதான்.

அரூர்: மரியா தீவில் பெங்குவின் பார்க்கலாமா?

இனி இல்லை. நோயில்லாத டெவில்களைக் காப்பாற்ற 2012-இல் அங்கே விட்டார்கள், அவை பெங்குவின்களைத் தின்று தீர்த்துவிட்டன. பெங்குவின் பார்க்க பிஷனோ ஊருக்கோ புரூனி தீவுக்கோ போங்கள். மரியாவில் வாம்பேட் உண்டு. ஆனால் வண்டியை டிரையபன்னாவில் விட்டுத்தான் படகேற வேண்டும்.

ஊத்தங்கரை: வாலபிக்கு பிரெட் கொடுக்கலாமா?

ஒகேனக்கல் குரங்குகளைக் கெடுத்தது போதாதா? வாலபியும் சின்னக் கங்காருதான்; பிரெட் தின்றால் அதற்குத் தாடை வீங்கிச் சீழ் பிடிக்கும், மேய முடியாமல் செத்துப்போகும்.

பாலக்கோடு: கழிப்பறைத் தொட்டியை எங்கே கொட்டுவது?

ஊருக்கு ஊர் ‘டம்ப் பாயின்ட்’ உண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டுங்கள், மூன்றாம் நாள் வரை விட்டால் மூக்கே சொல்லிவிடும்.

தருமபுரி: டாஸ்மேனியப் புலி கண்ணில் படுமா?

அது நம் புலி அல்ல, முதுகில் வரியுள்ள நாய் போன்ற பிராணி. கடைசியாக இருந்தது 1936 செப்டம்பரில் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்தது. இப்போது ஹோபார்ட் அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம்.