அறுவைச் சிகிச்சை அன்று காலையில் ரத்தாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கோலாலம்பூர் அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று. வார்டில் சேர்த்த பிறகு, காலையில் ரத்து என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, அடுத்த தேதியாவது தவறாமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ரத்தானதற்கு என்ன காரணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். விபத்துக் கேஸோ அவசர சிசேரியனோ வந்தால் தியேட்டர் அவர்களுக்குத்தான். முந்தைய கேஸ் இழுத்துவிடும், ஐசியுவில் கட்டில் இருக்காது. இவையெல்லாம் உங்கள் கையில் இல்லை. மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சத்தம் போட்டும் பயனில்லை, பட்டியல் போடுவது அவர் அல்ல. ஆனால் காரணம் பிரஷர், சர்க்கரை, மருந்து, புண் என்றால் அதை வீட்டிலேயே தடுக்கலாம்.

பலர் தவறுவது பிரஷர் மாத்திரையில்தான். 'புவாசா', அதாவது வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சொன்னதும் மாத்திரையும் கூடாது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பயமும் சேர்ந்து, காலையில் அளந்தால் 190, 200 என்று நிற்கும். 180/110-ஐத் தாண்டினால் மயக்க மருந்து டாக்டர் தள்ளிப்போடவே வாய்ப்பு அதிகம். அம்லோடிபின், பைசோபிரோலால் போன்றவற்றை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வது வழக்கம். பெரிண்டோபிரில், லோசார்டான் வகையைப் பெரும்பாலும் அன்று நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பிரஷர் ஒரேயடியாக விழும் என்பதால். மயக்க மருந்து கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போய், எது உண்டு, எது இல்லை என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் எழுதி வாங்குங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். இவற்றை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியில் இருக்கும்போது சர்க்கரை அளவு சரியாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். எச்பிஏ1சி 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டு மாற்றுக்குப் பல நிபுணர்கள் தயங்குவார்கள், உள்ளே வைக்கும் மூட்டில் கிருமி பிடிக்கும் அபாயம் கூடுகிறது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, கடைசி வாரப் பத்தியத்தில் இறங்காது. தேதி தள்ளிப்போனதில் கிடைத்திருக்கும் அவகாசத்தை இதற்குச் செலவிடுங்கள்.

இருதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா? முழங்காலுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்க வைப்பார்கள், அங்கே ரத்தம் கசிந்து தேங்கினால் கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. குளோபிடோகிரெல் 5 முதல் 7 நாள், வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். குறிப்பாக, இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை கூட நிறுத்தக்கூடாது.

சாப்பாட்டுக் கணக்கு: திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். தே தாரிக்கும் மைலோவும் பால் கணக்கில்தான் சேரும். வார்டில் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதன்படியே நடங்கள். தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தேதி போனால் இன்னொரு தேதி வாங்கலாம்.

தோலையும் பாருங்கள். சேற்றுப்புண், கால்விரல் இடுக்குப் புண், சொத்தைப் பல்லில் சீழ் எதுவானாலும் தள்ளிப்போகும். தைப்பூசத்தில் பத்துமலைக்குச் செருப்பில்லாமல் பால்குடம் எடுப்பவர் என்றால் இன்னும் கவனம், சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குக் கொப்புளம் வந்தது தெரியவே தெரியாது. தினமும் உள்ளங்காலை நீங்களே பாருங்கள். முழங்கால் முடியை வீட்டில் சவரம் செய்ய வேண்டாம், பிளேடு கீறிய இடத்தில்தான் கிருமி தங்கும்.

காகித வேலையிலும் தேதி போவதுண்டு. செயற்கை மூட்டுக்கான பணமோ உத்தரவாதக் கடிதமோ முன்பே முடிந்திருக்க வேண்டும். அரசு ஓய்வூதியர் என்றால் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) கடிதம். கையில் பணமில்லை என்றால் மருத்துவ சமூகப் பணிப் பிரிவில் தபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதிக்குக் கேளுங்கள். ஒப்புதலுக்கு நாளாகும், இப்போதே தொடங்குங்கள்.

மோசடி அழைப்புக்குப் பயந்து தெரியாத நம்பரை எடுக்காத பழக்கம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது. வார்டிலிருந்து வருவதும் அப்படி ஒரு நம்பர்தான். அம்மாவின் கைப்பேசியோடு உங்கள் நம்பரையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். சேர்க்கும் நாளுக்கு முன் காய்ச்சலோ சளியோடு இருமலோ வந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அந்த இடத்தில் காத்திருக்கும் இன்னொருவரை அழைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.