மயக்க மருந்து கொடுத்த குழந்தைக்கு நரம்புத் தூண்டல் எலக்ட்ரோடுகளை எங்கே ஒட்டுவது?

ரொக்குரோனியம் போன்ற தசைத் தளர்வு மருந்து உடலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் இவை. அரை நொடிக்கு ஒன்றாக நான்கு மின்தூண்டல்கள் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தசை ஒருமுறை துடிக்கும். நான்காவது துடிப்பின் வலு முதல் துடிப்பில் 90 சதவீதத்தையாவது எட்டிய பிறகுதான் மூச்சுக்குழாயில் வைத்த டியூபை எடுக்க வேண்டும்.

முதல் தேர்வு மணிக்கட்டு. சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பின் மேல், நெகட்டிவை மணிக்கட்டு மடிப்பருகிலும் பாசிட்டிவை அதற்குச் சற்று மேலேயும் ஒட்டுங்கள். கவனிக்க வேண்டியது கட்டைவிரலை. மற்ற விரல்களின் அசைவை நம்பாதீர்கள்.

குழந்தைகளிடம் சிக்கலே இடப் பற்றாக்குறைதான். பெரியவர்களுக்கான ஒட்டிகளை வைத்தால் ஜெல் ஒன்றோடொன்று தொட்டு, மின்சாரம் நரம்புக்குப் போகாமல் தோலிலேயே கடந்துவிடும். தசையையும் நேரடியாகத் தூண்டிவிடலாம். அப்போது மருந்தின் வீரியம் குறைந்துவிட்டது போல ஒரு பொய்த் தோற்றம் வரும். இதுதான் ஆபத்து. அதனால் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறிய ஈசிஜி ஒட்டிகளே நல்லது. தோலைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டுங்கள். கை சில்லிட்டாலும் அளவு தவறும், கதகதப்பாக மூடி வையுங்கள்.

கை கிடைக்கவில்லையா? கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒட்டி, கால் பெருவிரல் மடங்குகிறதா என்று பாருங்கள். முகத்தை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அங்கே நேரடித் தசைத் தூண்டல் மிக எளிதாக நடக்கும்.

அப்புறம், குழந்தை தூங்கிய பிறகு, தளர்வு மருந்துக்கு முன்பே, அடிப்படை அளவை எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும்போது இந்தத் தூண்டல் வலிக்கும்.