‘எதுவும் வேண்டாம்’ என்றொரு கையெழுத்து

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. கல்யாணமாகி 14 வருஷம். மகளுக்கு 12, மகனுக்கு 7. அடி உதை என்று எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்ல முடியாமல் போய் மூன்று வருஷமாகிறது. வீட்டுச் செலவுக்குக்கூட நாலு தடவை கேட்டால்தான் பணம் வரும். இப்போது அவரே, “மியூச்சுவலாகப் பிரிந்துவிடலாம், பிள்ளைகளை நீயே வைத்துக்கொள், பணம் காசு என்று எதுவும் கேட்காதே” என்கிறார். வக்கீலிடம் எழுதி வாங்கிய காகிதம் மேஜையில் இருக்கிறது. வீடு மாமியார் பேரில். நான் வேலைக்குப் போகாமல் சும்மா வீட்டில் இருப்பவள். மகளின் முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன். எனக்கென்று அவரிடம் ஒரு பைசா வேண்டாம், என் தன்மானம் போதும். பிள்ளைகளுக்காகக் கேட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? அதை நம்பி வாடகைக்கு வீடு பார்க்கலாமா? அக்கம்பக்கம் என்ன பேசும் என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு நோட்டுக் கிடைத்தது. அதிலிருந்தே நீங்கள் கேட்டிருக்கும் விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சிலதைத் தள்ளிவிடுகிறேன். பிரியலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அக்கம்பக்கம் பேசும். பேசிவிட்டு அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடும். “சும்மா வீட்டில் இருப்பவள்” என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதீர்கள். 14 வருஷம் ஒரு வீட்டைச் சுமந்துவிட்டுத் தன்னைத்தானே சும்மா என்று சொல்லிக்கொள்கிறவளிடம் எனக்குக் கோபம்தான் வரும்.

கோபம் அதைவிட இன்னொரு வரிக்குத்தான் வந்தது. “எனக்கென்று ஒரு பைசா வேண்டாம், என் தன்மானம் போதும்.” இந்த வரியை நான் காதால் கேட்டிருக்கிறேன். 1984-ல், ஒன்பது வயதில், பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாதாமாதம் ஏதோ ஒரு தொகை தருவதாக அப்பா சார்பில் யாரோ சொன்னார்கள். அம்மா எழுந்து நின்று, “உங்க காசு ஒண்ணும் எனக்கு வேண்டாம். என் பிள்ளைங்கள நான் பாத்துக்குவேன்” என்றாள். கூடம் அடங்கிப்போய்விட்டது. ரோஷக்காரி என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரை நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கட்டுரையில் எழுதியும் இருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்கும் அந்த வரி வந்ததோ என்று பயமாக இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதியாக வேண்டும்.

பெட்டியில் கிடைத்தது வாடகை நோட்டு. 1984 முதல் 1995 வரை, ஏழு வீடுகள். முதல் வீட்டு வாடகை 90 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், மேலே அட்வான்ஸ், கீழே மாதக் கணக்கு, கடைசியில் காலி செய்த தேதி. இரண்டாவது வீட்டின் பக்கத்தில் நாலு மாதம்தான் இருக்கிறது. உங்க வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு அம்மா “வெளியூர்ல” என்று சொல்லி வைத்திருந்தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாரும் வரவில்லை என்றதும் வீட்டு ஓனருக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாலாவதிலும் கூடாது. ஜன்னல் கம்பியில் சணல் கட்டிக் காலண்டரை மாட்டுவாள் அம்மா. மழைச் சாரலில் ஐப்பசி, கார்த்திகைத் தாள்கள் எல்லாம் ஊறிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வீட்டுக்கு மாறியபோது நான் மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கு மாறினேன்.

ஆறாவது வீட்டுப் பக்கத்தில், வாடகை 350 என்று ஏறிய மாதத்துக்கு நேராக, அம்மா பென்சிலால் ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறாள்: “தம்பி பட்டறை.” அந்த மாதம்தான் என் தம்பி பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குப் போனான். கணக்கில் அவன் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் வாங்குகிறவன். அதே வருஷம் அப்பா அவர் வீட்டில் மாடி எடுத்தார்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டிருந்தாலும் சட்டம் கொடுத்தது கொஞ்சம்தான். ஜீவனாம்சம் பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவில் ஒருவருக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001-ல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். ஆனாலும் தொண்ணூறு ரூபாய் வாடகை கொடுத்தவளுக்கு அந்தக் கொஞ்சம் என்பது எத்தனை பெரிது! தம்பிக்கு அது பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும். வேண்டாம் என்று சொன்னது அம்மாவின் வாய். விலை கொடுத்தது அவன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ‘வேண்டாம்’ உங்களுடையது இல்லை. பிள்ளைகளுக்குத் தனியாகக் கேட்பேன், எனக்கு வேண்டாம் என்கிறீர்கள். அது எப்படி முடியும்? பிள்ளைகள் ஒரு வீட்டில், நீங்கள் ஒரு வீட்டிலா இருக்கப்போகிறீர்கள்? கூரை மூன்று பேருக்கும் ஒன்றுதான். மகனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அவன் படுக்கிற அறையின் வாடகையை நீங்கள் ஊசியும் நூலுமாகவோ வேறெப்படியோ சம்பாதித்துக் கட்டினால், அவனுக்குக் கிடைக்க வேண்டியதில் பாதியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். 14 வருஷம் அந்த வீட்டில் நீங்கள் செய்த வேலைக்கு யாராவது சம்பளம் போட்டார்களா? நீங்கள் கேட்பது பிச்சையும் இல்லை, அபராதமும் இல்லை. அந்த மனிதர் பகலெல்லாம் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்ததற்கு நீங்கள் உள்ளே இருந்தீர்கள், அதுதான் காரணம். அந்தச் சம்பாத்தியத்தில் உங்கள் பங்கைக் கேட்பதில் தன்மானம் எங்கே குறைகிறது? எனக்குப் புரியவே இல்லை. ஆண்கள் யாரும் பாகப்பிரிவினையில் தன்மானம் என்று சொல்லிப் பங்கை விட்டுவிட்டு வந்து நான் பார்த்ததில்லை.

இனி வீடு. “வீடு மாமியார் பேரில்” என்று எழுதிவிட்டு அத்தோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டீர்கள். ஏன் விட்டீர்கள்? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 17-வது பிரிவு, கணவனோடு குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. நடுவில் 2006-ல் உச்ச நீதிமன்றம், கணவனுக்குச் சொந்தமான, அல்லது அவன் வாடகைக்கு எடுத்த, அல்லது அவனுக்குப் பங்குள்ள கூட்டுக் குடும்ப வீட்டுக்குத்தான் அது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. மாமனார், மாமியார் பேரில் இருந்த வீடுகளிலிருந்து எத்தனையோ மருமகள்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வெளியேற்றப்பட்டார்கள். 2020 அக்டோபர் 15-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மாமனார் மாமியார் வீடானாலும், நீங்கள் மனைவியாக வந்து நிலையாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். அதற்காக வீடு உங்களுடையதாகிவிடாது. சொத்துரிமை வேறு, குடியிருப்புரிமை வேறு. மாமியாரும் சட்டப்படி வழக்குப் போட்டு உங்களைக் காலி செய்யக் கேட்கலாம். ஆனால் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்க முடியாது.

அடி உதை இல்லை, எனக்கு இந்தச் சட்டம் எப்படி என்பீர்கள். நாலு தடவை கேட்டால்தான் செலவுக்குப் பணம் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்குத் தேவையான பணத்தை மறுப்பதைப் பொருளாதார வன்முறை என்று அதே சட்டம் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. அதே சட்டத்தில் 19-வது பிரிவு இருக்கிறது. அந்த வீட்டில் இருக்க முடியாது என்றால், நீங்கள் வாழ்ந்த அதே வசதியில் வேறு வீடு பார்த்துத் தரவோ, அதன் வாடகையைக் கட்டவோ கணவருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். ‘அதே வசதியில்’ என்பதைக் கவனியுங்கள். மூன்று பேரும் ஒரே அறையில் ஒண்டிக்கொள்கிறோம் என்று நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதையெல்லாம் திருமணம் நிற்கும்போதே கேட்டுவிட வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டால் குடியிருப்புரிமையைப் பேசுவது கடினமாகிவிடும். (கை ஓங்குகிற வீடாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே பிள்ளைகளோடு வெளியே வந்து, பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் பேசுங்கள். வெளியே வந்ததால் உரிமை போய்விடாது.)

மேஜையில் இருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பழைய 125-ம் பிரிவு 2024 ஜூலை 1 முதல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவாக இருக்கிறது. திருமணம் நிற்கும்போதே பரஸ்பரம் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிற மனைவிக்கு அந்தப் பிரிவில் ஜீவனாம்சம் கிடையாது. “இருவரும் மனமொத்துத் தனித்தனியே வாழ்கிறோம்” என்ற வரி அந்தக் காகிதத்தில் இருந்தால், அது உங்கள் கழுத்துக்குத்தான் வரும். இந்துத் திருமணச் சட்டப்படி பரஸ்பர விவாகரத்து என்றால், ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனுவே போட முடியும். அந்த ஒரு வருஷ வாடகையை யார் கட்டுவது என்று காகிதத்தில் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். பிள்ளைகளின் ஜீவனாம்சம் பிள்ளைகளுடைய உரிமை, அதை அம்மா எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது.

பரீட்சை முடியட்டும் என்கிறீர்கள். கிளம்புவதற்கு வேண்டுமானால் காத்திருங்கள், மனு போடுவதற்குக் காத்திருக்காதீர்கள். 2020 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று சொன்னது. ரஜ்னேஷ் – நேஹா வழக்கு என்றால் எந்த வக்கீலுக்கும் தெரியும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வராமலே போகிற மாதம். அதே தீர்ப்பில்தான், இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றும் ஆக்கினார்கள். அதில் உங்கள் மாதச் செலவை எழுதுகிற இடத்தில் வாடகையும் வரும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி. கால்வாசிச் சம்பளம் என்று சொல்வார்கள். 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்றதிலிருந்து வந்த பேச்சு அது. எல்லா வழக்குக்கும் விதி இல்லை. அவர் வருமானம் தெரியாமல் நான் ஒரு தொகையைச் சொன்னால் அது ஜோசியம். உத்தரவு வந்த பிறகும் பணம் சில மாதம் பிந்தும், ஆகவே அதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்பதும் காரணமில்லை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம் அப்படித்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்கு அழைத்தாலும் சொல்வார்கள். போகும்போது அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் காகிதம் எது கைக்குக் கிடைக்கிறதோ அதன் நகலைக் கொண்டுபோங்கள்.

நேற்று ராத்திரி உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், காது கொஞ்சம் மந்தம், சில வரிகளை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். “ஒரு பைசா வேண்டாம்” வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. தம்பி வாங்கிக் கொடுத்த கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். திரும்பாமலே சொன்னாள்:

“வாடகைன்னு தனியா எழுதிக் கேக்கச் சொல்லு அந்தப் பொண்ண. சாப்பாட்டுக் காசோட சேத்துக் குடுத்தா, வாடகை நாள் வர்றப்ப கையில இருக்காது.”