நுளம்பு வலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாட்டில் மலேரியாவே இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் மருந்து வலை? (கோப்பாய்)

இல்லை என்பது சரிதான். உள்ளூரில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் ஒழிந்தது கிருமிதான், நுளம்பு இல்லை. 1963 இல் நாடு முழுவதும் 17 பேர் என்று குறைந்தது. கொஞ்சம் தளர்ந்ததும் 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இப்போது புதிதாக ஒரு தலையிடி. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி 2016 இறுதியில் மன்னாரில் பிடிபட்டது, பிறகு யாழ் குடாநாட்டிலும். இது பழைய மலேரியா நுளம்பைப் போல ஆற்றுப் பள்ளத்தைத் தேடாது, கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். வளவுக்கு வளவு கிணறு வைத்திருக்கும் எங்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. அதற்காக எல்லாரும் மருந்து வலை தேடி அலைய வேண்டாம். ஓட்டையில்லாத சாதாரண வலையை மெத்தைக்குக் கீழே செருகிக்கொண்டு படுத்தால் இப்போதைக்குப் போதும். இந்த நுளம்பு, வலையில் பூசும் வகை மருந்துகளுக்கு ஓரளவு பழகியும் விட்டது. அதனால் மருந்தை விடத் துணியையே நம்புங்கள்.

யுத்தம் முடிந்த காலத்தில் தந்த வலை றங்குப் பெட்டியில் இருக்கிறது. மருந்து இருக்குமா? எப்படித் தோய்ப்பது? (சாவகச்சேரி)

நீண்டகால வலைகளில் மருந்து நூலோடு சேர்ந்திருக்கும். அதற்குக் கணக்கு ஏறத்தாழ 20 தோய்ப்பு அல்லது மூன்று வருடம். உங்களுடையதைச் சாதாரண வலை என்று நினைத்துப் பாவியுங்கள். கிழிசலை மட்டும் தைத்துவிடுங்கள்.

மருந்து உள்ள வலை என்றால் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சவர்க்காரம் போட்டு அலசினால் போதும். கல்லில் அடிக்கக் கூடாது, வெளுக்கும் தூள் கூடாது, நிழலில்தான் காயவிட வேண்டும். தோய்த்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுவது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. குளத்திலோ கடலிலோ அலசவும் கூடாது, இந்த மருந்து மீனுக்கு நஞ்சு. மலசலகூடக் குழியில் ஊற்றுங்கள்.

அந்தப் பழைய வலையால் கிணற்றை மூடலாமா? (கரவெட்டி)

வேண்டாம். குடிக்கும் தண்ணீருக்கு மேலே பூச்சிமருந்துத் துணி எதற்கு? மருந்தில்லாத புது வலையை வாங்கி, இடைவெளி இல்லாமல் விளிம்பில் இறுக்கிக் கட்டுங்கள். சும்மா மேலே போட்டுவிட்டால் இலை விழாது, நுளம்பு போகும். கப்பி மீன் விட்டாலும் நல்லது, குடம்பிகளைத் தின்றுவிடும்.

கைப்பிள்ளைக்கு மருந்து வலை ஆபத்தா? (வேலணை)

இல்லை. புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்து வைத்துவிட்டுக் கட்டுங்கள், மணமும் தோல் அரிப்பும் குறையும். பிள்ளை இழுத்து வாயில் வைக்காதபடி நன்றாகச் செருகுங்கள்.

டெங்குவுக்கு வலை உதவுமா? (நல்லூர்)

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. இரவு வலை அதற்குப் பெரிதாக உதவாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும், காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கும் கட்டாயம் கட்டுங்கள். மற்றவர்கள் தண்ணீர் தேங்கும் பூச்சட்டித் தட்டையும் ஒழுங்கையில் கிடக்கும் சிரட்டையையும் முதலில் பாருங்கள்.

மகன் வேலைக்கு ஆபிரிக்கா போகிறான். வலை கொடுத்து விடவா? (பருத்தித்துறை)

கொடுத்து விடுங்கள், மருந்து வலையாகவே. அது மட்டும் போதாது. புறப்படுவதற்கு முன்பே மலேரியா தடை இயக்கத்தின் யாழ்ப்பாணப் பணிமனைக்குப் போனால் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். எப்போது தொடங்குவது, வந்த பிறகு எத்தனை நாள் விழுங்குவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்து அதற்கான இரத்தப் பரிசோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள், இதுதான் எனக்குப் பெரிய கவலை. எங்கே போய் வந்தார் என்பதை வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்ல வேண்டும், மலேரியா பரிசோதனையையும் கேட்டு வாங்க வேண்டும். இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போய் வருபவர்களுக்கும் இதேதான். வைவாக்ஸ் என்ற மலேரியா வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலாக வரும். அதற்குப் பிறிமாகுயின் மாத்திரையை 14 நாளும் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மகன் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.