தகப்பன் யொஹான்சன், மகன் ஆண்டர்சனா?

கேள்வி: மருமகள் அமெரிக்கா, இலினோயில் பிறந்த சுவீடன் வம்சம். அவர்களின் கிராமத்து மெதடிஸ்த தேவாலயப் பதிவேட்டில் தகப்பன் யொஹான்சன், மகன் ஆண்டர்சன் என்று கிடக்கிறதாம். எழுதினவர் பிழைவிட்டாரா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: பிழையில்லை அம்மா. பழைய சுவீடன்காரர் வழக்கத்தில் தகப்பனின் முதற்பெயர்தான் பிள்ளையின் பின்பெயர்: ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன், மகள் ஆண்டர்ஸ்டொட்டர். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுகிறோம், அவர்கள் பின்னால் ஒட்டினார்கள், அவ்வளவுதான். அந்தத் தகப்பனின் முதற்பெயர் ஆண்டர்ஸா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடியேறிய பிறகு பலர் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், அங்கேதான் தலை சுற்றும். இலினோயின் விக்டோரியாவில் யோனாஸ் ஹெட்ஸ்ட்ரோம் சுவீடிஷ் மெதடிஸ்த சபையைத் தொடங்கியது 1846இல் (யாழ்ப்பாணத்துக்கு மெதடிஸ்த மிஷனரிமார் 1814இலேயே வந்துவிட்டார்கள்!). மூடிய தேவாலயங்களின் ஏடுகள் பெரும்பாலும் அந்தப் பிராந்திய மெதடிஸ்த ஆவணக்காப்பகத்துக்குப் போகும், ஞானஸ்நான ஏட்டை அங்கே கேட்கட்டும்.