குளச்சலுக்குக் குடிவருகிறீர்களா? டீச்சரிடம் கேளுங்கள்

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவள் நான். பள்ளி வேலைக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. வந்த புதிதில் நான் அடித்த கூத்தெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, மாற்றலாகி வருகிறவர்கள் எல்லாரையும் "டீச்சரிடம் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இந்த வருடம் சேர்ந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மதுரையிலிருந்து வங்கி மாற்றலில் ஜூனில் வருகிறோம், டீச்சர். கடல் தெரிகிற மாடி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். வாடகையும் குறைவு. எடுத்துவிடலாமா?

வாடகை ஏன் குறைவு என்று கேட்டீர்களா, தம்பி? நானும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் அலை. இதைவிட என்ன வேண்டும் என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வருடம் ஃப்ரிட்ஜின் பின்பக்கக் குழாய் அரித்து கேஸ் போயிற்று. ஜன்னல் கம்பி கையோடு உதிர்ந்தது. மிக்ஸி, டிவி, ஸ்கூட்டர் சைலன்சர் என்று ஒவ்வொன்றாகப் போய், மிச்சம் பிடித்த வாடகையெல்லாம் பழுது பார்க்கிறவர் கைக்கே போனது.

அலை உடையும்போது கிளம்புகிற உப்புத்துளி காற்றோடு வருகிறது. கரையை ஒட்டித்தான் அது மிக அதிகம். நடுவில் இரண்டு மூன்று தெருவும் நாலு தென்னந்தோப்பும் இருந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே என் பேச்சைக் கேட்டால், கடல் வீட்டிலிருந்து தெரிய வேண்டாம், நடந்து போய்ப் பார்த்தால் போதும்.

எந்த வீடு பார்த்தாலும் முதலில் தலையைத் தூக்கி மேல்தளத்தைப் பாருங்கள். விட்டத்தின் அடியில் நேர்கோடாக விரிசல் ஓடி, அதில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்று அர்த்தம். கழுவாத கடல் மணலைக் கலந்து கட்டிய பழைய வீடுகளில் இது சகஜம். புது பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், அதனால் குளியலறை, மொட்டைமாடிப் படிக்கட்டின் அடிப்பக்கம் இவற்றையும் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். கதவு பலா மரமோ அயனி மரமோ என்றால் அந்த வீட்டைக் கட்டினவர் விவரம் தெரிந்தவர். வந்த பிறகு ஸ்கூட்டரையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சோப்புகூட வேண்டாம்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. போர் இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வருமா, அக்கா?

வராது. கடலோரத்தில் கணக்கு தலைகீழ். மழைத்தண்ணீர் லேசானது, உப்புத்தண்ணீர் கனமானது. அதனால் மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி வரை அதைத் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். ஆழப் போர் போட்டு மோட்டாரை ஓடவிடுவது உப்பை நாமே கூப்பிட்டு உட்காரவைக்கிற வேலை. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம்.

ஆழமில்லாத திறந்த கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது, மொட்டைமாடி மழைநீரை அதற்குள்ளேயே விடுவது, இதுதான் இங்கே எடுபடும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. தேனிக்காரி வயிறு எரியச் சொல்கிறேன், அதை ஓடவிட்டுவிட்டு கேன் தண்ணீர் வாங்காதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அதையும் தாண்டினால் பாத்திரம் கழுவ மட்டும்.

கேள்வி: கோவையிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. சந்தையில் வஞ்சிரம் கேட்டேன், சிரிக்கிறார்கள். மீன் பெயரே புரியவில்லை. விலையும் தினம் ஒன்று சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

சிரித்தது உங்களைப் பார்த்தல்ல, அந்தப் பெயரைப் பார்த்து. வஞ்சிரம் இங்கே நெய்மீன். மத்தி என்றால் சாளை. கானாங்கெளுத்தி அயிலை. நெத்திலி நெத்தோலி. இந்த நாலையும் மனப்பாடம் செய்துவிட்டால் ஒரு வருடம் ஓட்டிவிடலாம். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, வேகவைத்துத் தேங்காய் போட்டு மசித்து, பக்கத்தில் சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட அன்றைக்கு நெய்மீன் பைத்தியம் தானாகத் தெளியும். எனக்குத் தெளிந்தது.

விலை தினம் மாறத்தான் செய்யும். அது கரையில் ஏலத்தில் நிற்கிற விலை. வள்ளம் (நாட்டுப் படகு) நிறைய சாளை வந்த அன்று கிட்டத்தட்ட அள்ளிக் கொடுப்பார்கள், காற்று கிளம்பிய அன்று அதே சாளை கண்ணில் படாது. என்ன மீன் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போகிறவர்தான் அதிக விலை கொடுப்பார். இன்றைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள்.

அப்புறம், மீன்பிடித் தடைக்காலம். இது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய குழப்பம். நம் மாவட்டத்துக்குக் கிழக்குக் கடலும் உண்டு, மேற்குக் கடலும் உண்டு. கிழக்கே சின்னமுட்டத்தில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கத்து மீன் வரும். ஜூன் 1 முதல் 14 வரைதான் இரண்டு பக்கமும் அடைப்பு. அந்த இரண்டு வாரம் சொந்தக்காரர்களை மீன் சாப்பாட்டுக்கு அழைக்காதீர்கள். நான் அழைத்தேன். ஐஸில் கிடந்த வெளிமாநில மீனைப் பெருமையாகப் பரிமாறினேன். மாமியார் இன்னும் மறக்கவில்லை.

நாட்டு வள்ளங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் ஆனி, ஆடியில் கடல் விட வேண்டுமே! ஆகஸ்டில் விசைப்படகுகள் போய்த் திரும்பும்போது கணவாய் குவியும். ஏற்றுமதிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள், அதற்கு முன்னால் விடியற்காலையில் போய்விடுங்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிற ஒரே அக்காவிடம் தொடர்ந்து வாங்குங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து "இது வேண்டாம் மக்கா, நேத்தைய மீன்" என்று அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி: எல்லாரும் என்னை "மக்கா" என்கிறார்கள். எனக்கு 52 வயது!

அது பாசம், அண்ணே. வயசுக்குக் கணக்கில்லை. கோபம் வந்தால் வேறு வார்த்தை வரும், அப்போது உங்களுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் பத்து வருடம் இருந்துவிட்டுச் சொந்த மாநிலம் திரும்புகிறோம். கேரள நம்பர் பிளேட் வண்டியை அப்படியே ஓட்டலாமா?

12 மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். முதலில் அங்குள்ள ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று. வண்டிமேல் கடன் இருந்தால் வங்கிச் சம்மதமும் தேவை. இங்கே வரி கட்டிய பிறகு, அங்கே கட்டின வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் தினம் போய்வருகிற ஊர் இது, கேரள நம்பரை யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் பலர் வருடக்கணக்கில் விட்டுவிட்டு, பிறகு விற்கும்போது அலைகிறார்கள்.

கேள்வி: பிள்ளைகள் கடலில் குளிக்க அடம்பிடிக்கிறார்கள். மழை இல்லை, காற்று இல்லை, வானம் தெளிவாக இருந்தால் விடலாம்தானே?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வானம் தெளிவாக இருப்பதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லாத நாட்கள் உண்டு. கள்ளக்கடல் என்பார்கள். வெகு தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். நம் கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படியொரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் முன்னறிவிப்பு கொடுக்கிறது, செய்தியிலும் வரும்.

செய்தி பார்க்காவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பவரிடம் "இறங்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்தது அதிகம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இந்தக் கரை நெடுக இருக்கின்றன. கடலைப் பற்றி இங்கே யாரும் சும்மா பயமுறுத்த மாட்டார்கள்.

கேள்வி: கடற்கரை மணல் கறுப்பாக இருக்கிறது. கதிர்வீச்சு என்கிறார்களே, பயப்பட வேண்டுமா, டீச்சர்?

கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட் என்ற தாது. அதோடு மோனசைட் என்ற தாதுவும் கலந்திருக்கிறது, அதில்தான் கதிர்வீச்சுள்ள தோரியம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி வந்துதான் பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை தொடங்கினார். இன்று அங்கே மத்திய அரசின் நிறுவனம் நடக்கிறது.

இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம் என்பது உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணல் எடுப்பது பற்றி ஊருக்குள் கோபமும் கவலையும் நிறைய உண்டு, அதைத் தள்ளிப் பேச மாட்டேன். ஆனால் சாயங்காலம் நடக்கப் போவதற்கு நான் பயந்ததில்லை.

கேள்வி: பள்ளி விடுமுறைப் பட்டியல் எங்கள் ஊரோடு ஒத்துப்போகவில்லையே?

போகாது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த மண் இது. ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும், மாசியில் மண்டைக்காட்டுப் பகவதி கோயில் கொடைவிழாவுக்கும் உண்டு. பதிலுக்கு ஏதாவதொரு சனிக்கிழமை பள்ளி வைத்துவிடுவார்கள். மண்டைக்காட்டில் பகவதி புற்று வடிவம். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்து நாளும் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். காவி கட்டி, கையில் விசிறியோடு 12 சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். வாயில் "கோவிந்தா, கோபாலா!" முதல் வருடம் ஒரு பெரியவரிடம் "சிவனுக்குப் போய் கோவிந்தாவா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஓடுறோம்" என்றார். முழுசாகப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

கேள்வி: வயதான அப்பா கூட வருகிறார். அவசரம் என்றால் எங்கே போவது?

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூளை, இதயம் என்றால் இங்குள்ளவர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் போவதுண்டு. ரயில் என்றால் இரணியல்தான் பக்கம். ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் நம்பர் இரண்டு, சாமான் இறக்குகிற முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றதும் கரைக்குப் பக்கத்தில் 5 சென்ட் வாங்கி வீடு கட்ட ஆசை.

பத்திரத்துக்கு முன்னால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்த சர்வே எண்ணைப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி வரும். கட்டவே முடியாத இடத்தை "கடல் காற்று" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. காற்று நிஜம்தான்.

கேள்வி: பொழுதுபோக என்ன இருக்கிறது, அக்கா?

1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்ற நினைவுத்தூண் கரையருகிலேயே நிற்கிறது. தோற்றுச் சரணடைந்த டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை அடைப்பு. திங்கட்கிழமை லீவு போட்டுப் போய்ப் பூட்டைப் பார்த்து வந்தவள் சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், தலைசுற்றல் இருந்தால் கீழே நின்றே பாருங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மீன் கிடைக்குமா?

சனிக்கிழமை வாங்கி வையுங்கள். ஞாயிறன்று முக்கால்வாசி வள்ளம் கரையில்தான் கிடக்கும், ஆட்கள் மாதா கோயிலில் இருப்பார்கள்.