வாயால் கேட்டால் சொல்கிறான், எழுதச் சொன்னால் திணறுகிறான்: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம்?

மகன் மூன்றாம் வகுப்பு, மதிப்பீட்டில் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, என்று வந்திருக்கிறது, தப்பான சொல்லை இருபது தடவை எழுத வைத்தும் மறுநாள் அதே தப்பு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இருபது தடவையை இன்றோடு நிறுத்துங்கள். மூன்றாவது தடவைக்கு மேல் அவன் சொல்லை எழுதுவதில்லை, மேல் வரியைப் பார்த்து வரைகிறான். நடுவில் ஓர் எழுத்து பிசகினால் மிச்சமெல்லாம் பிசகிய வடிவமே கைக்குப் பழகுகிறது.

சிக்கல் கண்ணில் இல்லை. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து, அதனதன் எழுத்தோடு கோப்பதில் இருக்கிறது. வண்ணக் கண்ணாடிக்கும் ஞாபகசக்தி மருந்துக்கும் காசைக் கொட்ட வேண்டாம்.

வீட்டில் தினம் இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் நோட்டே வேண்டாம். ‘பட்டம்’ என்று சொல்லி ப, ட், ட, ம் என்று கை தட்டட்டும். ‘கல்’லில் க-வை எடுத்துவிட்டு ப போட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். அடுத்த பத்து நிமிடம் ஒரே ஒரு குறி. துணைக்கால் என்றால் அந்த வாரம் முழுக்கத் துணைக்கால்தான்: கா, மா, பா, வா. தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். வாய் மூடியிருந்தால் பாதிப் பயன் போய்விடும். கடைசி ஐந்து நிமிடம் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். தடுக்கினால் ஐந்து எண்ணும்வரை பொறுத்து, சொல்லை நீங்களே சொல்லி நகருங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அவனுக்கு இப்போது கடினம், எளிதானதை எடுங்கள்.

தமிழில் இவர்கள் அதிகம் இடறுவது கொம்பில்தான். ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கொம்பைக் கட்டைவிரலால் மறைத்து ‘க’ என்று படிக்கச் சொல்லுங்கள், விரலை எடுத்ததும் ‘கெ’. எழுதும்போது ‘கெ’ என்று முழுதாகச் சொன்ன பிறகே பென்சில் நகர வேண்டும். ஒற்றைக்கொம்பு உறுதியாகும்வரை இரட்டைக்கொம்பைத் தொடாதீர்கள்.

ந, ன, ண குழப்பத்துக்கு மனப்பாடம் உதவாது, விதி உதவும். தமிழ்ச் சொல்லின் முதலில் ன, ண வராது. த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று), ட-வுக்கு முன் ண் (வண்டி). ழ, ள வேறு கதை. வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாக ஒலித்தால் காதால் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத் திட்டவே வேண்டாம்.

அறிவியலும் சமூக அறிவியலும் வாசிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. பாடத்தை நீங்கள் படித்துக் கைபேசியில் பதிந்து கொடுங்கள், அவன் கேட்டுப் படிக்கட்டும்.

பள்ளியில் எழுத்துமூலம் கேளுங்கள்: முன்பெஞ்சு, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் குறிப்பின் நகல், மொழியல்லாத பாடங்களில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை. வகுப்பில் திடீரென எழுப்பி வாசிக்க வைப்பது இந்தப் பிள்ளைகளை உடைத்துவிடுகிறது. வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்துவிட்டால் போதும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடக்கம். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. இவற்றுக்கான சான்றிதழ் வேலைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். சொல்வதை எழுதுபவர் கிடைத்தும் பலர் மதிப்பெண்ணை இழப்பதற்குக் காரணம், விடையை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பழகாததுதான். காலாண்டுத் தேர்விலிருந்தே அந்த முறையில் எழுத அனுமதி கேளுங்கள்.